உப்பாத பலூன்

கடந்த கல்வியாண்டில் ஒரு மாலை, என் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் அறிவியல் குறிப்பேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு படத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. ஒரு பாட்டில், அதன் வாயில் மாட்டிய பலூன். பலூன் உருண்டையாக உப்பி நிற்க, அதற்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, அம்புக்குறி போட்டு, "வாயு" என்று பெயரும் எழுதியிருந்தது. படத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் குழுவின் பலூன் அன்று உப்பவே இல்லை. வகுப்பு முடியும்வரை அது பாட்டிலின் கழுத்தில் துவண்டு தொங்கியதை நானே பார்த்திருந்தேன். தாளைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தபோது, சிவப்பு வண்ணத்துக்கு அடியில் அழிப்பான் தேய்த்த தடமும், அதற்குள் மங்கலாக ஒரு தொங்கும் பையின் வடிவமும் தெரிந்தன. அந்தக் குழந்தை முதலில் கண்டதைத்தான் வரைந்திருக்கிறது. பிறகு அது தவறு என்று எண்ணி அழித்துவிட்டு, நடந்திருக்க வேண்டியதை வரைந்திருக்கிறது.

அந்தச் சோதனை எளிமையானது. பாட்டிலில் ஒரு கரண்டி உலர் ஈஸ்ட், இரண்டு கரண்டி சர்க்கரை, பாதி அளவுக்கு வெதுவெதுப்பான நீர். வாயில் ஒரு பலூன். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். அந்த வாயு பலூனை நிரப்பும். ரொட்டி மாவு உப்புவதும் இதே வாயுவால்தான். ஆறு குழுக்களில் நான்கின் பலூன்கள் அரை மணி நேரத்துக்குள் நிமிர்ந்துவிட்டன. முதல் இரண்டு குழுக்களுடையவை அசையவில்லை. அந்த இரு குழுக்களின் பத்துக் குறிப்பேடுகளிலும் பலூன் உப்பியிருந்தது. இதற்குக் குழந்தைகளைக் குறைசொல்லி என்ன பயன்? வகுப்பின் தொடக்கத்திலேயே "பலூன் தானாக உப்பப் போகிறது, பாருங்கள்" என்று சொன்னவள் நான். விடையை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு சோதனை என்பது அந்த விடைக்குப் படம் வரையும் வேலைதான்.

மறுநாள் பாடத்திட்டத்தில் அடுத்த தலைப்பு காத்திருந்தது. அதை ஒத்திவைத்துவிட்டு, அந்த இரண்டு பாட்டில்களையும் மேசையின் நடுவில் வைத்து, இவை மட்டும் ஏன் இப்படி ஆயின என்று கேட்டேன். பலூனில் ஓட்டை இருக்கலாம் என்றது ஒரு குழந்தை. தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தோம், ஓட்டை இல்லை. சர்க்கரை போட மறந்திருப்பார்கள் என்றது இன்னொன்று; அந்தக் குழுவினர் கொதித்தெழுந்து மறுத்தார்கள். கடைசியாக, முந்தைய நாள் படத்தை அழித்து வரைந்த அதே குழந்தை, கையைத் தூக்காமலேயே மெல்லச் சொன்னது: "டீச்சர், எங்களுக்குத்தான் முதலில் தண்ணீர் ஊற்றினீர்கள். பாட்டிலைப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு சுட்டது." உண்மைதான். பிளாஸ்க்கில் கொண்டுவந்த வெந்நீரை முதல் இரண்டு பாட்டில்களில் அப்படியே ஊற்றிவிட்டு, பிறகுதான் சூடு அதிகம் என்று தோன்றித் தண்ணீர் கலந்து விளாவியிருக்கிறேன். தவறு செய்தது நான். கண்டுபிடித்தது எட்டு வயதுக் குழந்தை.

எனவே அதையே சோதனையாக்கினோம். மூன்று பாட்டில்கள், ஈஸ்ட், சர்க்கரை, நீரின் அளவு, பலூன் எல்லாம் ஒன்றுபோல. வேறுபாடு நீரின் சூட்டில் மட்டும்: ஒன்றில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த நீர், ஒன்றில் 40 டிகிரி செல்சியஸ், ஒன்றில் 70 டிகிரி. 70 டிகிரி நீரை நான் மட்டுமே கையாண்டேன். வெப்பநிலைமானியைப் படித்தவர்கள் குழந்தைகள். எதிர்பார்த்தபடியே நடு பாட்டில் மட்டும் உப்பியது. இந்த இடத்தில் நான் பாடத்தை முடித்திருப்பேன். ஆனால் குளிர்ந்த பாட்டிலும் சுட்ட பாட்டிலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்ததால், "இரண்டுக்கும் ஒரே காரணமா?" என்று ஒரு குரல் எழுந்தது. இரண்டையும் வெதுவெதுப்பான நீர் நிரம்பிய ஒரு வாளிக்குள் இறக்கி வைத்தோம். உணவு இடைவேளை முடிந்து திரும்பியபோது, குளிர்ந்திருந்த பாட்டிலின் பலூன் எழுந்து நின்றது. சுட்ட பாட்டிலின் பலூன் கிடந்தபடியே கிடந்தது. "இது தூங்கியிருக்கிறது, அது செத்துவிட்டது" என்று குழந்தைகள் தாங்களே முடிவுகட்டினார்கள். ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் உயிரணுக்கள் மடிந்துவிடும் என்று நான் கரும்பலகையில் எழுதியது அதற்குப் பிறகுதான்.

"செத்துவிட்டது" என்ற சொல்லை எல்லாரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொட்டலத்திலிருந்து கொட்டும் பழுப்புத் தூள் எப்படி உயிருள்ளதாகும், அது உப்பைப் போன்ற பொருள்தானே என்று ஒரு பையன் கடைசிவரை வாதாடினான். அவனுக்குத் துணையாக வேதியியலின் பெரும்புள்ளி ஒருவரே உண்டு. ஈஸ்ட் இப்படிச் சர்க்கரையைச் சிதைத்து வாயுவை வெளியிடுவதற்கு நொதித்தல் என்று பெயர். அது உயிரின் செயல் அன்று, வெறும் வேதிச் சிதைவே என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் உறுதியாக நின்றார். அது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்று 1857 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் லூயி பாஸ்டர் எதிர்வாதம் வைத்தார். கதை அதோடும் முடியவில்லை. 1897-இல் ஜெர்மானிய வேதியியலாளர் எடுவர்டு பூக்னர், ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்தெடுத்த, உயிரணுவே இல்லாத சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் காட்டினார். அந்தச் சாற்றில் இருந்த நொதிகளே, அதாவது உயிரணுக்கள் உண்டாக்கும், ஆனால் தாமே உயிரற்ற வேதிப்பொருள்களே, அதற்குக் காரணம். ஆக அந்தப் பையன் பாதி சரி. அவனிடம் இதைச் சொன்னபோது, மீதிப் பாதியையும் பிறகு நிரூபிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அந்தக் குறிப்பேட்டைக் கண்ட நாள் முதல் நான் செய்த மாற்றம் ஒன்றுதான். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் "நான் நினைப்பது" என்றும் வலப்பக்கம் "நான் கண்டது" என்றும் எழுதச் சொன்னேன். இடப்பக்கத்தைச் சோதனைக்கு முன் பேனாவால் எழுத வேண்டும். பிறகு அழிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் மதிப்பெண் குறையாது. இதைக் கேட்டு நம்பாமல் பார்த்தவர்களே அதிகம். மதிப்பெண் விஷயத்தில் குழந்தைகள் எங்களை நம்பாததற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன.

இந்தப் பழக்கத்துக்கு உணவைப்போல் வாய்ப்பான பொருள் வேறில்லை என்பது என் எண்ணம். காந்தத்தைப் பற்றியோ கோள்களைப் பற்றியோ பேசும்போது, ஆசிரியர் சொல்வதை ஏற்பதைத் தவிரக் குழந்தைக்கு வழியில்லை. உணவு என்று வந்துவிட்டால், எட்டு வயதுக் குழந்தைக்கு எட்டு ஆண்டு அனுபவம் இருக்கிறது. நாக்கும் மூக்கும் அதனுடையவை. இருந்தும், அந்த நாக்கையே நம்பாத குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்புறம் கசப்பு, ஓரங்களில் புளிப்பு என்று பகுதி பிரித்துக் காட்டும் படம் பலருக்கும் நினைவிருக்கும். அதை நானும் பல ஆண்டுகள் வரைந்து கற்பித்தேன். 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், நாக்கின் விளிம்பில் இடத்துக்கு இடம் உணர்திறனில் சிறு வேறுபாடு இருப்பதாக அளந்து எழுதினார். 1942-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வின் போரிங் அந்த அளவீடுகளை வரைபடமாக்கிய விதத்தால் அந்தச் சிறு வேறுபாடு பெரிதாகத் தோன்றி, நாளடைவில் ஒவ்வொரு சுவைக்கும் தனி இடம் என்ற கதையாக முற்றிவிட்டது. உண்மையில் சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடங்களிலும் எல்லா அடிப்படைச் சுவைகளும் உணரப்படுகின்றன.

இதைச் சோதிக்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். சர்க்கரை நீர், உப்பு நீர், எலுமிச்சைச் சாறு கலந்த நீர், ஆளுக்குச் சில பஞ்சுக் குச்சிகள், ஒரு கண்ணாடி. நானும் வேண்டுமென்றே பழைய படத்தைப் பலகையில் வரைந்துவிட்டு, சரிதானா என்று பார்க்கச் சொன்னேன். நாக்கு நுனியில் எலுமிச்சை நீரைத் தொட்டு முகத்தைச் சுளித்த ஒரு சிறுமி, வலப்பக்கத்தில் "நுனியில் புளிப்பு தெரியவில்லை" என்று எழுதினாள். சுளித்த முகம் இன்னும் நேராகவில்லை! "பிறகு ஏன் முகம் அப்படிப் போனது?" என்று கேட்டேன். பலகையைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள், மறுபடி ஒருமுறை தொட்டுக்கொண்டாள். பிறகு அந்த வரியை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, "நுனியிலும் புளிக்கிறது. படம் தப்பு" என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

ரொட்டித் துண்டை மென்று பார்க்கும் சோதனையும் இத்தகையதே. விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்றால், சர்க்கரையே சேர்க்காத ரொட்டியும் இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்னும் சர்க்கரையாக்குகிறது. வாய் சொல்வதைக் கண்ணாலும் பார்க்க வேண்டுமானால் நீர்த்த அயோடின் போதும். மாவு கரைத்து, கொதிக்கவைத்து ஆற்றிய நீரில் ஒரு சொட்டு விட்டால் கருநீலம் படரும். அதே நீரில் சிறிது உமிழ்நீர் கலந்து கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு சொட்டுவிட்டால், நீலம் வெளிறியோ முற்றிலும் இல்லாமலோ போகும். கிண்ணத்தில் துப்ப ஆசிரியரே அனுமதி தருகிறார் என்ற மகிழ்ச்சியில் வகுப்பு பத்து நிமிடம் கட்டுக்கடங்காமல் போனது. எல்லாருடைய உமிழ்நீரும் ஒரே வேகத்தில் வேலை செய்யவில்லை என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். யாருடையது வலியது என்ற போட்டியை என்னால் தடுக்க முடியவில்லை.

சமையலைக் கொண்டு அறிவியல் கற்பிப்பது புதுமையன்று. 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி தொடங்கிய சோதனைப் பள்ளியில் குழந்தைகள் சமைத்தார்கள், தைத்தார்கள், மரவேலை செய்தார்கள். முட்டை வேகவைக்கும் பாடத்தில், செய்முறைப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே செய்துவிட்டால் என்ன என்று அங்கும் குழந்தைகள் கேட்டிருக்கிறார்கள். அதைத் தவிர்த்துவிட்டு, முட்டையின் வெண்கரு எந்தச் சூட்டில் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் வழியில் அவர்களைக் கொண்டுசென்றிருக்கிறார்கள். என் "உப்பப் போகிறது, பாருங்கள்" என்பதும் ஒரு செய்முறைப் புத்தகம்தான். அதனாலேயே சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி எரிமலை பொங்கவைக்கும் வழக்கமான வேடிக்கையின் மீது எனக்கு மதிப்பு குறைந்துவிட்டது. நுரை பொங்குகிறது, கைதட்டுகிறார்கள், துடைக்கிறோம். எதையும் மாற்றிப் பார்ப்பதில்லை.

ஏற்பாடுகளைப் பற்றிச் சுருக்கமாக. வாயில் வைப்பதற்கு ஒரு மேசை, வைக்கக் கூடாததற்கு வேறு மேசை. அயோடின் இருக்கும் நாளில் அந்த இரண்டாம் மேசையிலிருந்து எதுவும் வாய்க்குப் போகாது. பால், முட்டை, கொட்டை வகைகள், கோதுமை ஆகியவற்றில் யாருக்கு ஒவ்வாமை என்பதைப் பெற்றோரிடம் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். பச்சை முட்டையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளை எதற்கும் போதாது.

ஆண்டின் இறுதியில் வெண்ணெய் எடுத்தோம். மூடியுள்ள சிறு பாட்டில்களில் பாலேட்டை ஊற்றிக் குலுக்கினால், கொழுப்புத் துளிகளைச் சுற்றியுள்ள மெல்லிய உறை கிழிந்து, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, மோர் தனியே பிரியும். இம்முறை என்ன நடக்கும் என்று நான் வாய் திறக்கவில்லை. ஒரு குழுவின் பாலேடு 15 டிகிரியில் இருந்தது. இன்னொரு குழுவினுடையதை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து 35 டிகிரிக்குக் கொண்டுவந்திருந்தோம். முதல் பாட்டிலில் சலசலவென்ற ஓசை சில நிமிடங்களில் அடங்கியது. பாலேடு கெட்டியாகி அசைய மறுத்தது. கை ஓயும் நேரத்தில் திடீரென்று "தொப்" என்று உள்ளே ஏதோ விழும் ஓசை, கலங்கிய மோரில் மஞ்சள் கட்டி ஒன்று மிதந்தது. வகுப்பே அந்த மேசையைச் சூழ்ந்துகொண்டது. இரண்டாம் குழுவினர் முறைவைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சூட்டில் கொழுப்பு பெரும்பாலும் உருகித் திரவமாக இருக்கும். துளிகள் மோதினாலும் கட்டியாகத் திரளாது.

அன்று மாலை அவர்களுடைய குறிப்பேடுகளை எடுத்தபோது, முதலில் கைக்கு வந்தது பலூனை அழித்து வரைந்த குழந்தையுடையது. இடப்பக்கத்தில், "வெண்ணெய் சீக்கிரம் வரும், ஏனென்றால் ஈஸ்ட்டுக்கும் சூடு பிடித்தது" என்று பேனாவால் எழுதியிருந்தது. வலப்பக்கத்தில் பாட்டிலின் படம். உள்ளே வெறும் அலைக்கோடுகள். கீழே: "20 நிமிடம் குலுக்கினோம். ஒன்றும் வரவில்லை. கை வலிக்கிறது. பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கிறோம், டீச்சர் எடுக்கக் கூடாது."