எழுத்தை விழுங்கும் கப்பல் வார்த்தைகள்

கடலூர் முதுநகரில் டியூஷன் எடுக்கிறேன். துறைமுகத்துப் பக்கத்துப் பிள்ளைகள் என்பதால், அபூர்வ ஆங்கில வார்த்தைகளுக்குக் கப்பலில்தான் ஏறுவேன். கப்பல்காரர்கள் மாதிரி எழுத்தை விழுங்குகிறவர்கள் வேறு யாரும் இல்லை.

'போட்ஸ்வைன்' என்று எழுதுவார்கள், 'போசன்' என்று சொல்லவேண்டும். கயிறு, நங்கூரம், மேல்தளத்து ஆட்கள் எல்லாம் இவர் பொறுப்பு. 'ஃபோர்காஸில்' வாயில் 'ஃபோக்ஸல்' ஆகிவிடும். பழைய கப்பல்களின் முன்பக்கம் கோட்டை மாதிரி மேடை கட்டியதால் வந்த பெயர்.

எனக்குப் பிடித்தது 'கன்வேல்'. உச்சரிப்பு 'கன்னல்', கங்கையில் வரும் 'க'. கரும்பு இல்லை! படகின் பக்கச் சுவருடைய மேல் விளிம்பு. அந்தக் காலத்தில் பீரங்கியைத் தாங்கிய பலகை, அதனால்தான் முன்னால் 'கன்'. பீரங்கி நமக்கும் புதிதல்ல. 1690இல் நம் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கிய ஆங்கிலேயர்கள், அங்கிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். பேரம் என்றால் அது!

"அப்பா தினமும் படகுல அந்த கன்னல் மேலதான் மிஸ் உக்காருவாரு" என்றான் ஒரு பையன். அவனுக்கு அந்த வார்த்தை இனி மறக்காது.

'விக்சுவல்ஸ்' என்று படிக்கத் தோன்றும் சாப்பாட்டுச் சாமான்களுக்கு உச்சரிப்பு 'விட்டில்ஸ்'. பிரெஞ்சிலிருந்து வந்தபோது நடுவில் 'சி' (c) எழுத்து கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்டப் படித்தவர்கள் பின்னால் செருகினார்கள். நாக்கு அதைச் சட்டையே செய்யவில்லை. வகுப்பில் இன்னும் விட்டில் பூச்சி ஜோக்தான் ஓடுகிறது.