பட்டி பார்த்த சுவரில் ஓர் இறகு

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், சுவருக்குப் பூசும் பட்டி மூட்டையோடு வைக்கிற துண்டுத்தாள் ஒன்று என் கைக்கு வந்தது. மொத்தமே பதினொரு வரி. ஏழாவது வரியில், பூசிய இடத்தின் விளிம்புகளை 'ஃபெதர்' செய்யவும் என்று இருந்தது. ஃபெதர் என்றால் இறகு, அதற்குமேல் எனக்குத் தெரியாது. 'விளிம்புகளை இறகால் தடவவும்' என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியே அச்சாகியும் விட்டது. யாரோ காசு கொடுத்து வாங்கிய மூட்டையில் என் தவறும் சேர்ந்து போயிற்று என்பது இன்றும் உறுத்துகிறது.

அடுத்த வருடம் திருப்பூரில் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த பெயின்டர் அண்ணன்தான் எனக்கு அந்த வரியைப் புரியவைத்தார். கூடத்துச் சுவரில் ஆணி பெயர்ந்த பள்ளம் ஒன்று இருந்தது. பிளேடில் பட்டியை அள்ளி நடுவில் வைத்தார். வெளியே இழுக்க இழுக்க கையின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். "ஓரம் எங்க முடியுதுன்னு சுவத்துக்கே தெரியக் கூடாதுங்க அம்மிணி" என்றார். பிறகு ஒயரில் தொங்கிய பல்பைச் சுவரை ஒட்டினாற்போல் பிடித்துக் காட்டினார். மேடு இருந்தால் நிழல் விழும். அவர் பார்த்த பட்டியில் நிழலே இல்லை.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் கிடந்த புறா இறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுத்தண்டு கெட்டி. அதிலிருந்து இரண்டு பக்கமும் மெலிந்து மெலிந்து போய், கடைசியில் இறகு எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. பெயின்டர் அண்ணன் கையால் செய்தது இதைத்தான். போட்டோஷாப்பில் ஒருவர் உருவத்தை வெட்டியெடுத்து வேறு பின்னணியில் வைக்கும்போது 'ஃபெதர்' கொடுக்கிறார்களே, அதுவும் இந்த ஓரம்தான்.

ஆனால் எல்லா ஃபெதரும் இந்த ஓரம் அல்ல. துடுப்புப் போடுகிறவர்கள் தண்ணீரிலிருந்து துடுப்பை எடுத்ததும் அதன் தகட்டைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பின்னுக்குக் கொண்டுபோவார்கள், காற்று தடுக்காமல் இருக்க. அதற்கும் ஃபெதர் என்றுதான் பெயர். விமானத்தின் ஒரு எஞ்சின் நின்றுவிட்டால், அதன் முன்விசிறித் தகடுகளை, விளிம்பு காற்றைப் பார்க்கும்படி திருப்பிவிடுவதும் ஃபெதர். திருப்பாமல் விட்டால் செத்த எஞ்சினின் விசிறி காற்றை மறித்து விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். சுவரில் 'இழைத்துவிடவும்', விமானத்தில் 'விளிம்பைத் திருப்பவும்'. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடுவது வீண் வேலை என்பது என் முடிவு.

பறவையைக் கையில் பிடித்துப் பழகியவர்கள் உண்டாக்கிய சொற்கள் இவை என்று நினைக்கிறேன். 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்' என்ற பழமொழியையே பாருங்கள். அதன் பழைய வடிவம் ஒன்றை வில்லியம் டர்னர் 1545-ல் எழுதினார். ஒரே இனமும் நிறமும் கொண்ட பறவைகள் சேர்ந்தே பறக்கும் என்பது அதன் பொருள். அதற்கு முந்தைய வருடம் பறவைகளைப் பற்றியே லத்தீனில் தனியாக ஒரு நூல் வெளியிட்டவர் அவர். இறகு என்பது அங்கே சாதி, இனம். 'இனம் இனத்தோடு சேரும்' என்று நாம் சொல்வது அதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

எழுத்தும் இறகிலிருந்து வந்ததுதான். பேனா என்ற நம் சொல்லுக்கு மூலம் லத்தீனில் இறகைக் குறிக்கும் பென்னா. ஜெர்மன்காரர்களுக்கு இறகும் பேனாவும் ஒரே சொல், ஃபெடர். வாத்தின் இடது சிறகிலிருந்து எடுத்த இறகு வலக்கைக்காரருக்கு வாகாக இருக்கும் என்பார்கள், வளைவு கையைவிட்டு வெளியே போகும் என்பதால். ஃபெதரின் வேர், பறத்தலைக் குறித்த மிகப் பழைய ஒரு வேர். சமஸ்கிருதத்தின் 'பத்ர' அதிலிருந்துதான் வந்தது. அதற்குச் சிறகு என்றும் இலை என்றும் பொருள். நம் பத்திரமும் பத்திரிகையும் அந்தவழி வந்தவை. கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கும்போதெல்லாம் இது ஞாபகம் வந்து எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

என்னை வருத்தப்படவைக்கிற தொடரும் ஒன்று உண்டு. பதவியில் இருந்துகொண்டு தனக்குச் சேர்த்துக்கொள்கிறவனை, தன் கூட்டுக்கு இறகு சேர்க்கிறான் என்பார்கள் ஆங்கிலத்தில். தமிழில் 'தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா' என்று முடித்துவிடலாம். ஆனால் கூட்டுக்கு இறகு சேர்க்கிற பறவை செய்வது வேறு. ஐஸ்லாந்து கரைகளில் ஈடர் வாத்து தன் நெஞ்சிலிருந்தே மென்தூவியைப் பிய்த்து முட்டைகளைச் சுற்றி மெத்தையிடும். அதைக் கூடுகளிலிருந்து சேகரித்துத்தான் விலை உயர்ந்த போர்வைகள் செய்கிறார்கள். ஒரு கிலோ தூவிக்கு அறுபது கூடுகளாவது வேண்டும். தன் உடம்பிலிருந்து எடுத்துக் குஞ்சுக்குக் கொடுக்கிற செயலின் பெயரை ஊரை அடித்து உலையில் போடுகிறவனுக்குச் சூட்டியிருக்கக் கூடாது.

தொப்பியில் செருகிய இறகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். துருக்கியன் ஒருவனைக் கொன்றவன்தான் இறகு செருகலாம், எத்தனை பேரோ அத்தனை இறகு என்று ஹங்கேரியரின் வழக்கத்தை 1599-ல் ஓர் ஆங்கிலேயர் குறித்து வைத்திருக்கிறார். 'தொப்பியில் இன்னொரு இறகு' என்று நம் நாளிதழ்கள் எழுதும்போது எனக்கு ஒட்டவே இல்லை. மகுடத்தில் வைரம் என்று எழுதினால் போதும்.

இப்போது என் மேசையில் இருப்பது வெள்ளை இறகு. முதல் உலகப் போர்க்காலத்துப் பெண்களைப் பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 1914 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் சார்லஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற கடற்படைத் தளபதி முப்பது பெண்களைத் திரட்டினார். சீருடை போடாமல் தெருவில் போகும் ஆண்களின் கையில் வெள்ளை இறகைக் கொடுப்பது அவர்கள் வேலை. நீ கோழை என்று அதற்கு அர்த்தம். காயம்பட்டு வீடு திரும்பியவர்களுக்கும் அது கிடைத்தது. 1916-ல் அரசாங்கம் அப்படிப்பட்டவர்களுக்கென்றே வெள்ளியில் ஒரு சின்னம் கொடுக்க வேண்டி வந்தது, கோட்டில் குத்திக்கொள்ள.

இதைத் தமிழில் 'வெள்ளை இறகைக் கொடுத்தாள்' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் மனதில் புறாவும் சமாதானமும்தான் வரும். அந்த இறகு வந்ததோ சேவற்கட்டுக் களத்திலிருந்து. வாலில் வெள்ளை இறகு தெரிந்தால் அந்தச் சேவல் கலப்பு, நின்று அடிக்காது என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை.

எங்கள் அப்பாரு பொங்கலுக்குப் பூலாம்வலசு கட்டுக்குச் சேவல் கொண்டுபோகிறவர். காகம், வல்லூறு, ஆந்தை, மயில் என்று நிறத்தை வைத்தே சேவலுக்குப் பெயர் சொல்வார். விலை பேசுமுன் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாலை விசிறிபோல் விரித்து, அடியிறகுகளை வாயால் ஊதி விலக்கிப் பார்ப்பார். சேவல் கண்ணை மூடி மூடித் திறக்கும். ஆறு வயதில் பக்கத்தில் நின்று நான் பார்த்தது அது. அந்த ஊதலை நினைத்துக்கொண்டு நேற்று ராத்திரி இந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறேன், ஆசிரியர் குறைக்கச் சொன்னாலும் குறைக்க மாட்டேன்:

'வால் வெளுத்த சேவல் நீ என்று வாய்திறந்து சொல்லாமல், அவன் கையில் ஒரு வெள்ளை இறகை வைத்துவிட்டுப் போனாள்.'