ஓர் எம்மா, இரண்டு எம்மா?

எங்கள் மகளுக்கு ‘அம்மு’ என்பதையே பதிவுப் பெயராக வைப்பது என்று நானும் என் கணவரும் முடிவு செய்தபோது, அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. சிக்கல் முழுவதும் படிவத்தின் அடுத்த வரியில், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நிரப்ப வேண்டிய இடத்தில்தான் இருந்தது. லட்சுமி, முருகன் போன்ற பெயர்களுக்காவது பள்ளிப் பதிவேடுகளிலும் ரேஷன் அட்டைகளிலும் புழங்கிப் பழகிய ஒன்றிரண்டு ஆங்கில வடிவங்கள் உண்டு. செல்லப் பெயர்களோ பெரும்பாலும் வீட்டுக்குள் கூப்பிட்டு முடிந்துபோகிறவை என்பதால், அவற்றை எழுத்தில் பார்த்தவர்களே குறைவு.

எழுத்துக்கோவைக்கு முன்பு, செல்லப் பெயரைச் சான்றிதழில் ஏற்றலாமா என்ற வாதம் ஒன்று நடந்தது. வளர்ந்து வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது பொருந்துமா என்று என் மாமியார் கேட்டார், நியாயமான கேள்விதான். நான் சொன்ன பதில் அம்மு சுவாமிநாதன். பாலக்காட்டுப் பகுதியின் ஆனக்கரையில் 1894இல் பிறந்தவர், அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர், 1952 தேர்தலில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர், கேப்டன் லட்சுமியின் தாயார். அந்தப் பெயர் அவருடைய பொதுவாழ்வுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. மாமியார் சற்று யோசித்து, “சரிம்மா, கூப்பிடுகிற பெயரே இருந்துவிட்டுப் போகட்டும்” என்று ஒத்துக்கொண்டார்.

அவசரப்பட வேண்டியதில்லை என்பது எங்களுக்கு வசதியாக அமைந்தது. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தாக வேண்டும் என்றாலும், பெயர் இல்லாமலேயே பதிவு செய்துகொண்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை வாய்ப்பு உண்டு. ஆனால் ஒருமுறை பதிவேட்டில் ஏறிய பெயரை மாற்றுவது பெரும்பாடு. அதுவும் 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்குமான சான்று என்று சட்டத் திருத்தம் வந்துவிட்ட நிலையில், அதில் இருக்கும் எழுத்துகள்தான் மற்ற எல்லா ஆவணங்களுக்கும் மூலம். ஆகவே கிடைத்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்வது என்று இருந்தோம்.

எங்கள் முன் மூன்று வடிவங்கள் இருந்தன. ஏ, இரண்டு எம், யூ என்பது ஒன்று. ஏ, ஓர் எம், யூ என்று சுருக்கியது இரண்டாவது. பார்க்க நறுக்கென்று இருக்கிறது என்று என் தங்கை அதன் பக்கம் நின்றாள். ஏ, இரண்டு எம், இரண்டு ஓ என்பது மூன்றாவது. இது கணவரின் பெரியப்பாவின் கட்சி. அவர் எண்கணித சோதிடத்தில் ஊறியவர். காகிதத்தில் ஒவ்வோர் எழுத்தின் கீழும் எண்ணைப் போட்டுக் கூட்டிக் காட்டினார்: ஏவுக்கு 1, எம்முக்கு 4, யூவுக்கு 6; ஆக முதல் வடிவத்துக்கு 15, கூட்டினால் 6. யூவை எடுத்துவிட்டு 7 மதிப்புள்ள ஓவை இரண்டு முறை போட்டால் 23, கூட்டினால் 5.

“இருபத்து மூன்றும்மா! தேடி அலைந்தாலும் கிடைக்காது, தானாக வந்து விழுகிறது” என்றார்.

“பெரியப்பா, பதினைந்தும் நல்ல எண்தான் என்று போன வருடம் நீங்களே சொன்னீர்களே” என்று என் கணவர் நினைவுபடுத்தினார்.

“நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. இது அதைவிட நல்லது.”

எண்ணை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இரட்டை ஓவுக்கு ஒரு பாரம்பரியம் இருக்கத்தான் செய்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் உகர ஒலிக்கு அப்படித்தான் எழுதினார்கள். குன்னூரின் ஆங்கிலப் பலகையில் இன்றும் முதல் எழுத்துக்குப் பின் இரண்டு ஓ நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் குடியேறியவர்களின் வழிவந்த நாயுடுகள் இன்றைக்கும் பெயரின் கடைசியில் இரண்டு ஓ போட்டே எழுதுகிறார்கள். ஆனால் நம் ஊரில் அந்த வழக்கம் பெருமளவு போய்விட்டது. இங்கே இரண்டு ஓவைப் பார்க்கிறவர் நெடிலாகவே நீட்டுவார் என்பது என் எண்ணம்.

எண்ணத்தோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தோம். மூன்று வடிவங்களையும் தனித்தனித் துண்டுச் சீட்டுகளில் எழுதி, காரணம் சொல்லாமல் பலரிடம் நீட்டி வாசிக்கச் சொன்னோம். ஓர் எம் உள்ள சீட்டு படாத பாடு பட்டது: எதிர்வீட்டுக் கன்னடக்காரப் பாட்டி ‘அமு’ என்றார், டெல்லியில் வளர்ந்த சித்தப்பா மகன் ‘ஆமு’ என்றான், மாடி வீட்டுப் பையன் ‘ஏமு’ என்று படித்துவிட்டு அது பறவையா என்று கேட்டான். தங்கை அன்றோடு தன் கட்சியைக் கலைத்துவிட்டாள். இரண்டு எம்மும் யூவும் உள்ள சீட்டை வாசித்தவர்கள் எல்லோரும், மொழி எதுவானாலும், ‘அம்மு’ என்றே சொன்னார்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திரும்பும் பாதை. இப்போது பல இடங்களில் பெயரை ஆங்கிலத்தில் தட்டுகிறார்கள், மென்பொருள் அதைத் தானாகத் தமிழாக்கிக் கொடுக்கிறது. என் கைப்பேசியின் ஒலிப்பு விசைப்பலகையில் மூன்றையும் தட்டிப் பார்த்தேன்: ஒன்று அமு ஆனது, ஒன்று அம்மூ ஆனது, இரண்டு எம்மும் யூவும் உள்ளது மட்டும் அம்முவாகவே வந்தது. தமிழில் இருப்பது போய்ச் சேர்ந்து, அதே தமிழாகத் திரும்பி வருகிற வடிவம் எதுவோ அதுவே வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்தேன். பெரியப்பாவுக்கு வருத்தம்தான், 6 சுக்கிரனுக்குரிய எண், கலைகளில் சிறப்பாள் என்று அவரே சமாதானம் செய்துகொண்டார்.

பெயர் சேர்க்கும் நாளில் விண்ணப்பம், எங்கள் இருவரின் ஆதார், மருத்துவமனைச் சான்று ஆகியவற்றின் நகல்களுடன் சென்றோம். பெரிய எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு நான் எழுதிக் கொடுத்திருந்தும், தட்டச்சு செய்தவர் ஓர் எம்மை விழுங்கிவிட்டார். முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தபடி, சேமிப்பதற்கு முன் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டியதால் அங்கேயே திருத்த முடிந்தது. பெயரைச் சேர்க்கப் போகும் எவரும் கூச்சப்படாமல் இதைக் கேட்டுக்கொள்ளலாம். தமிழ் வரியையும் ஆங்கில வரியையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் எழுதிக் கொடுத்த தாளோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது. இனிஷியலை நாங்கள் சேர்க்கவில்லை. பெற்றோர் பெயர்களுக்குச் சான்றிதழில் தனி இடம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் எப்படியும் இனிஷியலை விரித்தே எழுத வேண்டியிருக்கும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான நீல நிற ஆதாருக்குப் பதிவு செய்தபோது, சான்றிதழில் உள்ளபடி ஆங்கில எழுத்துகளைத் தட்டியதும் கீழே தமிழில் ‘அம்மு’ என்று சரியாகவே வந்து நின்றது. பதிவாளர், “இது கூப்பிடுற பேராச்சே, முழுப் பேர் என்னங்க?” என்று கேட்டார். இதுதான் முழுப் பெயர் என்று சான்றிதழைக் காட்டினோம். தடுப்பூசி அட்டையில் மட்டும் இன்னும் என் பெயரைப் போட்டு ‘பேபி ஆஃப்’ என்றிருக்கிறது. அடுத்த தவணைக்குப் போகும்போது சான்றிதழ் நகலைக் கொடுத்து அதையும் மாற்றித் தரக் கேட்க வேண்டும்.