அடைப்புக்குறிக்குள் ஒன்றும் வேண்டாம்

பழைய மாணவர் சங்கத்தார் தங்கள் மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டபோது, எட்டாம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவனைப் பற்றி எழுத நினைத்தேன். "காது கேளாத, வாய் பேசாத என் நண்பன்" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதி, முதலில் அவனுக்கே அனுப்பினேன். "வாய் பேசாத" என்பதை அடித்துத் திருப்பி அனுப்பினான். தொண்டையில் தனக்கு ஒரு பழுதும் இல்லை, பேசுவது கையால், அவ்வளவுதான் என்று ஓரத்தில் குறிப்பு.

அந்த நாளில் நாங்கள் அவனைச் 'செவிடன்' என்றுதான் கூப்பிட்டோம். நெட்டையன், குண்டன் மாதிரி அதுவும் ஒரு பட்டப்பெயர் என்று நினைப்பு. உதடு பார்த்துப் படிக்கட்டும் என்று முன்வாங்கில் இடம் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் அந்தப் பெருமையில் பங்கு. 'பாலை', 'மாலை' இரண்டையும் சத்தமில்லாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள், உதட்டில் வித்தியாசமே தெரியாது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் அந்த உதடும் இல்லை. பொறுக்க முடியாமல் என்னிடம் கையால் ஏதாவது கேட்பான். உடனே "கையைக் கட்டு!"

அந்த அதட்டலின் வயது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1880இல் இத்தாலியின் மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் காது கேட்பவர்கள், சைகை மொழியை வகுப்பறையிலிருந்து விலக்கி வாய்ப்பேச்சே மேல் என்று தீர்மானம் போட்டது. சைகையும் முழு மொழிதான் என்று அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் எழுதிக் காட்டினார். மிலான் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய கேளாதோர் கல்வி மாநாடு வர வேண்டியிருந்தது.

இரண்டாம் தடவை 'செவிப்புலன் குறைபாடுடைய' என்று மரியாதையாகத் திருத்தினேன். அதுவும் அடிபட்டது. குறை என்று அளப்பது கேட்பவர்களின் கணக்காம். உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பும் அந்தப் பேச்சை ஏற்பதில்லை. ஆங்கிலத்தில் தங்களை ஒரு மொழிச் சமூகமாக எண்ணுபவர்கள் 'Deaf' என்ற சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதுவார்கள். நமக்குப் பெரிய எழுத்தும் கிடையாது, 'கேளாதோர்' என்பதிலோ எதிர்மறை ஒட்டிக்கொண்டே நிற்கிறது. அவனுக்கு அதில் வருத்தமில்லை, 'காது கேளாதவன்' போதும் என்கிறான். (வயதாகிக் காது மந்தமான என் மாமாவை அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார். அவர் வழி வேறு.)

"எனக்குக் கேட்காது, சரி. உன்னை என்ன என்று கூப்பிடுவது என்று நீங்கள் ஏனடா கேட்கவே இல்லை?" என்று எழுதியிருந்தான். பதில் எழுத இரண்டு நாள் எடுத்தது.

சைகையில் ஆளுக்கு ஒரு பெயர் உண்டு. தானாக வைத்துக்கொள்ள முடியாது, காது கேளாதவர்கள்தான் வைக்க வேண்டும். எனக்கு அவன் வைத்தது, காதைப் பிடித்து ஒரு திருகு. கணக்குப் பாடத்தில் நான் வாங்கியதை அவன் மறக்கவில்லை.

மலர்க் குழுவுக்கு: வகுப்புப் படத்தின் கீழே அவன் பெயரை மட்டும் போடவும். அடைப்புக்குறிக்குள் ஒன்றும் வேண்டாமாம்.