மண்டபம், செப்டம்பர்

செப்டம்பர் 4

கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது. தென்கடல் அலையே இல்லாமல் கிடக்கிறது. கரையில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. காற்றில்லை, வெயில் கொளுத்துகிறது, தண்ணீர் சூடேறிக்கொண்டே போகிறது. 2019-இல் கடல் பச்சையாகிப் பவளம் செத்ததும் இதே மாதம்தான்.

கடிதம் வரவில்லை.

செப்டம்பர் 6

வலையில் வடித்த தண்ணீரில் டயாட்டம் என்கிற நுண்பாசிதான் நிறைய. நடுநடுவே நாக்டிலூக்கா, கடலைப் பச்சையாக்குகிற ஒற்றைச் செல் உயிர். குடுவையை வெளிச்சத்தில் பிடித்தால் வெறும் கண்ணுக்கே தெரிகிறது, வெந்த ஜவ்வரிசி போல. நுண்ணோக்கியில் வைத்தேன். ஒன்றின் உள்ளே, விழுங்கிய டயாட்டம் சங்கிலி நீளமாக அப்படியே கிடந்தது. அதைச் சுற்றிலும் பச்சைப் புள்ளிகள் ஓயாமல் நீந்திக்கொண்டிருந்தன. அவை தனி உயிர்கள், புரோட்டோயூக்ளினா. வெயிலில் அவை ஆக்குகிற உணவில் நாக்டிலூக்காவுக்கும் பங்கு உண்டு. பிடித்தும் தின்கிறது, வளர்த்தும் தின்கிறது. இதை எப்படிப் பட்டினி போடுவது?

செப்டம்பர் 7

விடிகாலைக்குப் படகு கிடைக்கவில்லை. மதியம் வேண்டுமானால் வருகிறேன் என்றார்கள். மதியம் எடுத்து என்ன பயன்.

செப்டம்பர் 8

மதியம் ஏன் கூடாது என்று மறுபடியும் கேட்டார்கள். எத்தனை பேரிடம்தான் சொல்வது. பகலில் அந்தப் பச்சை உயிர்கள் ஆக்ஸிஜனை வெளியே விடுகின்றன. பதினோரு மணிக்கு ஆக்ஸிஜன் மீட்டரை இறக்கினால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். இருட்டிய பிறகு உற்பத்தி நின்றுபோகும், செலவு மட்டும் நிற்காது. செத்த செல்களை அழுக வைக்கும் பாக்டீரியா வேறு சேர்ந்துகொள்ளும். விடிவதற்குச் சற்று முன்தான் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்துக் கணக்கு இல்லாத அறிக்கையை என்னால் நம்ப முடியவில்லை.

மீன் என்றால் ஓடிப் பிழைக்கலாம். பவளம் எங்கே ஓடும்? 2019-இல் இங்கே பக்கத்துச் சிங்கில் தீவில் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இறங்கியது. செத்தவை மான்கொம்புப் பவளம் மாதிரி வேகமாக வளர்கிற வகைகள். 2008 அக்டோபரிலும் மன்னார் வளைகுடாவில் இதே நாக்டிலூக்கா பெருகியிருக்கிறது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது இங்கேயே இருக்கிறேன், படகுதான் இல்லை.

செப்டம்பர் 9

கடிதம் வரவில்லை.

செப்டம்பர் 11

கடற்பாசி எடுக்கப் போகும் அக்கா இருட்டிலேயே வந்து கதவைத் தட்டினார். "ஏ பாப்பா, பூங்கோரை வந்திருச்சு. தண்ணி நாறுது, மேலெல்லாம் அரிக்குது." கடல் பச்சையாவதைத்தான் இங்கே பூங்கோரை என்பார்கள். அவர் கணவரின் வத்தையிலேயே, அந்தச் சின்னப் படகிலேயே போனோம்.

விடிய விடியத்தான் நிறம் தெரிந்தது. கெட்டியான பச்சை, துடுப்புப் பட்ட இடத்தில் வழவழப்பாக விலகி மறுபடி மூடிக்கொண்டது. கீழ்த் தண்ணீரை எடுத்து, குமிழி புகாமல் பாட்டிலில் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டேன். ஆக்ஸிஜன் உள்ள நல்ல தண்ணீர் என்றால் அடர்ந்த பழுப்பாகப் படிய வேண்டும். வெளிறிப்போய், ஏறக்குறைய வெள்ளையாகப் படிந்தது. டைட்ரேஷன் செய்து எண் வரட்டும் என்று காத்திருக்கவே தேவைப்படவில்லை. கை நடுங்கியது. அக்கா பாட்டிலை வாங்கிப் பார்த்தார். "இது நல்லதா கெட்டதா?" "கெட்டதுக்கா." அப்புறம் கரைக்கு வரும்வரை யாரும் பேசவில்லை.

கரையோரம் ஓராவும் களவாவும் செத்து ஒதுங்கிக் கிடந்தன, மீன்கள்.

செப்டம்பர் 12

நாள் முழுக்க ஒரே கேள்வி: மீன் சாப்பிடலாமா? ஏலக் கூடத்தில் விலை இறங்கிவிட்டது. நாக்டிலூக்கா விஷம் சுரப்பதாக யாரும் கண்டதில்லை. அது கொல்வது ஆக்ஸிஜனைக் காலி செய்தும், தன்னுள் சேர்த்த அம்மோனியாவைக் கசியவிட்டும்தான். தூரத்தில் உயிரோடு பிடித்த மீனுக்கு ஒன்றும் இல்லை, செத்து ஒதுங்கியதைத் தொட வேண்டாம் என்றேன்.

ஒரு பெரியவர் கேரளத்து விழிஞ்ஞத்தைப் பற்றிக் கேட்டார். 1997-இல் அங்கே சிப்பி தின்று 7 பேர் இறந்தார்கள். அது வேறு பாசியின் விஷம், சிப்பியில் சேர்ந்துவிட்டால் சமைத்தாலும் போகாது. இது அது இல்லை என்று சொன்னேன். ஆனால் பச்சைக்குள் வேறு எதுவும் கலந்திருக்கிறதா என்று ராத்திரி ஒரு மணி வரை ஸ்லைடு ஸ்லைடாகத் தேடினேன். இல்லை.

செப்டம்பர் 13

செயற்கைக்கோள் படத்தில் நம் பக்கம் முழுக்க மேகம்.

செப்டம்பர் 15

அரபிக் கடலில் நாக்டிலூக்கா பெருகுவதற்குக் காரணம் ஆக்ஸிஜன் குறைந்த தண்ணீர் மேலே ஏறி வருவதுதான் என்றது 2014 கட்டுரை. அங்கே பெருகிய இடத்தில் ஆக்ஸிஜன் குறைவாகவே இல்லை என்றது 2018 கட்டுரை. இரண்டையும் மறுபடி படித்தேன். இரண்டும் ஆழ்கடலைப் பற்றியவை. இங்கே பவளத் திட்டுக்கு மேலே சில மீட்டர் தண்ணீர்தான். இங்கே பாசிதான் முதலில், மூச்சுத்திணறல் அப்புறம். இதை அடித்துச் சொல்ல எனக்குத் தொடர்ச்சியான விடிகாலைகள் வேண்டும், பச்சை வருவதற்கு முன்னும் பின்னும். இந்த மாதத்தோடு உதவித்தொகை முடிகிறது.

அம்மா போனில் கேட்டார், எப்போது வருகிறாய் என்று.

செப்டம்பர் 16

காற்று எழுந்திருக்கிறது. பச்சை கிழிந்து திட்டுத் திட்டாகப் பாம்பன் பக்கம் நகர்கிறது.

செப்டம்பர் 17

தீவுக்குப் போகச் சம்மதம் கிடைத்துவிட்டது. வத்தை நாலரைக்குக் கிளம்புகிறது. பாட்டில்களைக் கழுவி வைத்தாயிற்று. கார அயோடைடு இரண்டு நாளைக்குத்தான் வரும், தூத்துக்குடிக்குச் சொல்லியிருக்கிறேன். கடிதத்தைப் பற்றி நாளை வந்து