ஒரு கிலோ நூறு கிராம்

அக்கா மகன் கஞ்சா வழக்கில் ரிமாண்ட் ஆன மறுநாள் மதுரையில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். பையன் படித்தவன், வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான் போனான் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அந்தம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எடை எவ்வளவுண்ணே எழுதியிருக்காங்க?"

எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்தபோது 1.100 கிலோ என்றிருந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார். 1985-ஆம் வருடத்து என்.டி.பி.எஸ். சட்டம், அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சாவுக்கு இரண்டு கோடு போட்டிருக்கிறது. 1 கிலோவுக்குள் என்றால் சிறிய அளவு. அதிகபட்சம் ஒரு வருடச் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. குறைந்தது 10 வருடம், 20 வரை போகலாம். நடுவில் மாட்டினால் 10 வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், விசாரணையும் சிறப்பு நீதிமன்றத்தில். எங்கள் பையன் கோட்டைத் தாண்டியது நூறு கிராமால். இந்தக் கோடு பொருளுக்குப் பொருள் வேறு: ஹெராயினுக்கு 5 கிராமும் 250 கிராமும், கொக்கைனுக்கு 2 கிராமும் 100 கிராமும்.

அப்புறம்தான் மகஜரை, பறிமுதல் செய்ததைப் போலீஸ் எழுதிவைத்த குறிப்பை, எடுத்து மேசையில் விரித்தார். ‘பச்சை நிற கட்டைப் பையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றப்பட்ட கஞ்சா, எடை போட்டுப் பார்க்க 1.100 கிலோ.’ கவரோடு போட்ட எடையா, பிரித்துப் போட்ட எடையா? ஒரு வார்த்தை இல்லை. காம்பும் தண்டும் எவ்வளவு என்றும் இல்லை. சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிதான். நுனி சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்தக் கணக்கில் வராது. "பத்து கிலோ கேஸ்ல இதெல்லாம் பேசிப் பிரயோசனமில்ல. உங்க கேஸ்ல இதுதான் பேச்சே" என்றார்.

உடம்பைச் சோதிக்கும் முன் மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும், அது 50-ஆவது பிரிவு. சொல்லவில்லை என்று நாங்கள் குதித்தோம். கையில் இருந்த பையிலிருந்து எடுத்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டதாம். அடங்கிவிட்டோம். ஒப்புதல் வாக்குமூலம் என்று பையன் போட்ட கையெழுத்தைப் பற்றி மட்டும் பயப்பட வேண்டாம் என்றார். போதைப்பொருள் வழக்கில் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020-இல் டூஃபான் சிங் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. அது தமிழ்நாட்டிலிருந்தே போன வழக்கு.

சொந்தக்காரர் ஒருவர், பையனைப் போதைக்கு அடிமை என்று சொல்லி சிகிச்சைக்கு அனுப்பிவிட்டால் வழக்கே போய்விடும் என்றார். அந்தச் சலுகை 64ஏ பிரிவில் இருப்பது உண்மை. ஆனால் பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறிய அளவுக்கும்தான் அது. மறுபடியும் அந்த நூறு கிராம்!

ஜாமீனில் வணிக அளவுக்காரர்களுக்கு 37-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும். எங்களுக்கு அந்தத் தடை இல்லை. இருந்தும் முதல் மனு தள்ளுபடி, விசாரணை ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது என்று. இரண்டாவதில் கிடைத்தது: இரண்டு ஜாமீன்தாரர், தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து.

ஜாமீன்தாரர் தேடியதுதான் பெரும்பாடு. அடிதடி வழக்கென்றால் எங்கள் தெருவில் ஆதாரும் வீட்டு வரி ரசீதுமாக நாலு பேர் வந்து நிற்பார்கள். ‘கஞ்சா’ என்றதும் போனை எடுப்பதில்லை. சித்தப்பா ஒருவர் நேரிலேயே சொன்னார்: "மாப்ள, கொலைக் கேஸுன்னாக்கூட போட்டிருப்பேன்." கடைசியில் நானும், அக்கா வேலை பார்க்கும் தையல் கடை முதலாளியும் போட்டோம். அந்த மனுஷனுக்கு எங்களிடம் எந்தக் கடமையும் கிடையாது.

எங்கள் மாதிரி வழக்கில் 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால், ஜாமீன் கேட்பதே உரிமையாகிவிடும். வணிக அளவுக்கு அது 180 நாள். எங்களுக்கு அதற்கு முன்பே தாக்கலாகிவிட்டது. ரசாயனப் பரிசோதனை அறிக்கையில் கஞ்சாதான் என்று வந்திருக்கிறது. வழக்கில் பையன் ஏ2, இரண்டாவது எதிரி. பை ஏ1, அதாவது முதல் எதிரி, கையில் இருந்தது. ஆனால் 29-ஆவது பிரிவில் கூட்டுச் சதி என்று இவனையும் சேர்த்திருக்கிறார்கள். அவன் வசம் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், எனக்குத் தெரியாது என்பதை நிரூபிப்பது அவன் பொறுப்பாகிவிடும். மற்ற வழக்குகள் மாதிரி இல்லை இது.

அடுத்த வாய்தாவில் எடை போட்ட ஏட்டையாவைக் குறுக்கு விசாரணை செய்கிறார் வக்கீலம்மா. மாஜிஸ்திரேட் முன்னிலையில் மறுபடி எடை போட்ட பட்டியலின் சான்று நகலுக்கும் மனுப் போட்டிருக்கிறோம்.