எஸ் கோடு

நவம்பர் 26, 2021
புதிய கொரோனா வகைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், ஒமிக்ரான். வைரஸின் முள்ளான ஸ்பைக் புரதத்தில் மட்டும் முப்பது மாற்றங்களுக்கு மேல். தூக்கம் வரவில்லை.

நவம்பர் 28
தென்னாப்பிரிக்க விமானங்களை ஆளாளுக்கு நிறுத்துகிறார்கள். எரிச்சலாக வருகிறது. அவர்கள் தேடினார்கள், கிடைத்தது. வைரஸ் வகைகளின் வம்சாவளி மரத்தில் ஒரு கிளை வர வேண்டுமென்றால் அந்த ஊரில் யாராவது சாம்பிள் எடுத்து மரபணுவைப் படித்திருக்க வேண்டும். படிக்காத ஊர் மரத்திலேயே இருக்காது, சுத்தமான ஊர் மாதிரித் தெரியும். இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "தோசை ஆறுது" என்றாள்.

டிசம்பர் 2
பெங்களூரில் இரண்டு பேர். ஒருவர் வெளிநாட்டுக்கே போகாதவர்.

டிசம்பர் 15
சென்னையிலும். நைஜீரியாவிலிருந்து தோஹா வழியாக வந்தவர்.

டிசம்பர் 22
லேபில் நாள் முழுக்க எஸ் கோடு. பிசிஆர் கிட் வைரஸின் மூன்று மரபணுக்களைத் தேடும், அதில் ஒன்று எஸ், ஸ்பைக்கின் மரபணு. திரையில் மூன்று கோடுகளும் ஏறினால் இரண்டாம் அலையின் டெல்டாவாக இருக்கலாம். எஸ் மட்டும் தரையோடு கிடந்தால் ஒமிக்ரான் என்று சந்தேகப்பட வேண்டும், ஸ்பைக்கில் 69, 70ஆம் இடங்கள் இரண்டும் விடுபட்டிருப்பதால் கிட்டுக்குப் பிடி கிடைப்பதில்லை. முன்பு வந்த ஆல்பா வகையிலும் இதே கதைதான். முழு மரபணு வரிசை வரச் சில நாள் ஆகும். அதற்குள் நோயாளி குணமாகியிருப்பார், அல்லது...

டிசம்பர் 30
மழை. யாரும் எதிர்பார்க்காத மழை. அண்ணா சாலையில் பேருந்துக்குள்ளேயே இரவாகிவிட்டது.

ஜனவரி 6, 2022
இன்றிலிருந்து இரவு ஊரடங்கு. அண்ணனும் அண்ணியும் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டார்கள். வேண்டாம் என்றேன், கேட்டால்தானே.

ஜனவரி 11
அம்மாவுக்குக் காய்ச்சல். எனக்குத் தொண்டை. அண்ணன் லேசாக இருமுகிறான், ஏசி என்கிறான்.

ஜனவரி 12
மூன்று பேருக்கும் பாசிட்டிவ். அம்மாவுக்கு எஸ் ஏறியிருக்கிறது.

எஸ் ஏறியிருக்கிறது.

ஜனவரி 13
டெல்டாவா, ஒமிக்ரானின் கிளையான பிஏ.2வா? பிஏ.2வில் அந்த விடுபடல் இல்லை, அதனால் எஸ் ஏறும். கோட்டை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆக்ஸிமீட்டரில் 96. பத்து நிமிடம் கழித்து 95. திரும்ப 96. "விரலை விடுடி, ரசம் வைக்கணும்" என்கிறாள், காய்ச்சலோடு.

ஜனவரி 14
பால் பொங்கியது. மூவரும் முகக்கவசத்தோடு நின்றோம். 97.

ஜனவரி 19
அம்மாவுடையது பிஏ.2. பிஏ.2. பிஏ.2.

ஜனவரி 20
நிம்மதி ஒருநாள்கூட நிற்கவில்லை. அம்மாவுடைய வரிசையையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட 30,000 மரபணு எழுத்துகள், 21,000ஆவது எழுத்தைத் தாண்டி சரியாகப் படிக்க முடியாத ஒரு பட்டையைத் தவிர ஒரு எழுத்துகூட மாறவில்லை. இந்த வைரஸ் மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்துதான் மாறும், ஆனால் சில நாட்களிலேயே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விடும். ஒரே வீட்டில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று இதில் தெரியாது. தெரியும்தான், மற்றவர்களுக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அண்ணனுடைய சிடி (வைரஸ் தெரிய எடுத்த பிசிஆர் சுற்றுகள்) 33, வைரஸ் போதாது என்று வரிசைப்படுத்தவே எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அநேகமாக இதே எழுத்துகள்தான் வந்திருக்கும்.

லேபிலிருந்து நானா? ரயிலில் அவனா? பால்காரரா?

ஜனவரி 22
அந்தப் பட்டையை மட்டும் திரும்பப் படிக்க முடியுமா என்று கேட்டேன். சாம்பிள் மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

ஜனவரி 23
அம்மா மாடிக்குப் போய் வடாம் காயப்போட்டிருக்கிறாள். சொன்னால் கேட்பதில்லை. 98.